வேலைக்கு கிளம்பும்போது நாய்க்கு எலும்பு போட்டுட்டு போறீங்களா? தனியா இருக்கும் நாய்க்கு எதை கொடுக்கலாம்.. எதை கொடுக்கவே கூடாது?

திங்கட்கிழமை காலை 8 மணி. ஞாயிற்றுக்கிழமை எடுத்த மட்டன் குழம்பில் எலும்பு மட்டும் மிச்சம். கணவர் திருவனந்தபுரம் ரயிலைப் பிடிக்க நாகர்கோவில் ஜங்ஷனுக்கு போயாச்சு, பிள்ளைகள் வேன் ஏறியாச்சு. கடைசியாக கேட்டைப் பூட்டும் ஆள், அந்த எலும்புகளை அள்ளி நாயின் தட்டில் போட்டுவிட்டு கிளம்புகிறார். கேட்டால், "எலும்பு கெடந்தா சாயங்காலம் வரைக்கும் சத்தம் காட்டாம கெடக்கும்லா" என்பார்கள்.

குமரி மாவட்டத்தில் நாய் வளர்க்கும் பல வீடுகளில் இது வழக்கமான காட்சிதான். நாய் மேல் பாசம் இல்லாமல் யாரும் இதை செய்வதில்லை. தனியாக கிடக்குமே, பாவம், அதுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணுமே என்றுதான் போடுகிறார்கள். ஆனால் எலும்பு கொடுக்க மிக மோசமான நேரம் எது என்றால், வீட்டில் யாரும் இல்லாத அந்த நேரம்தான். தொண்டையில் மாட்டினால் எடுத்துவிட ஆள் இல்லை. காலை 9 மணிக்கு மாட்டியது மாலை 6 மணிக்குத்தான் தெரியவரும்.

அப்படியென்றால் தனியாக இருக்கும் நாய்க்கு எதைத்தான் கொடுப்பது? விரிவாக பார்க்கலாம்.

நாய் ஏன் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கிறது?

கடிப்பதும் நக்குவதும் நாய்க்கு இயல்பான வேலை. அதில் அதன் மனசு அமைதியாகிறது. குட்டிகளுக்கு பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் 4 முதல் 6 மாத காலத்தில் ஈறு உறுத்தும், அப்போது இன்னும் அதிகமாக கடிக்கும். கடிக்க நீங்கள் ஒன்றும் கொடுக்காவிட்டால் செருப்பு, சோபா, சார்ஜர் வயர் என்று அதுவே தேடிக்கொள்ளும். ஆக, கடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரிதான். எதை கொடுக்கிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

"குக்கர்ல நல்லா வெந்துருச்சு, மெத்துன்னுதான் இருக்கு"

வேகவைத்த எலும்பு ஆபத்து என்று சொன்னால் உடனே வரும் பதில் இது. வெந்த எலும்பில் ஈரமும் நெகிழ்வும் போய்விடும். நாய் கடிக்கும்போது அது நசுங்காமல் கூரான சில்லுகளாக உடையும். கோழி எலும்பில் இது இன்னும் மோசம். அந்த சில்லு வாய், உணவுக்குழாய், இரைப்பை, குடல் என்று எங்கே வேண்டுமானாலும் குத்தலாம். குடலில் ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் கழிவு வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

குக்கரில் பல விசில் விட்ட எலும்பின் முனை மாவு மாதிரி உதிரும் என்பது உண்மை. ஆனால் நடுத்தண்டு அப்படி உதிராது. உதிர்ந்த பகுதியும் சும்மா போய்விடாது. நிறைய தின்றால் அது மலக்குடலில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிவிடும். நாய் முக்கி முக்கி வெள்ளையாக, வறண்டு, பொடிப்பொடியாக மலம் கழித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். முற்றிவிட்டால் மருத்துவர் எனிமா கொடுத்தோ, மயக்க மருந்து கொடுத்தோ வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

குழம்பு எலும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் ஊறியிருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. கழுவிப் போட்டாலும் முழுதாகப் போகாது.

அப்போ பச்சை எலும்பு ஓகேவா?

வெந்ததை விட பச்சை எலும்பு சில்லாக உடைவது குறைவு. அதனால் சிலர் அதை ஆதரிக்கிறார்கள். ஆனால் அவர்களே கூட, பக்கத்தில் ஆள் இருக்கும்போது கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. இறைச்சிக்கடையில் வாங்கும் மாட்டெலும்பில், மஜ்ஜை உள்ள தொடை எலும்பை வளையம் வளையமாக வெட்டிக் கொடுப்பார்கள். மஜ்ஜையை நக்கும் ஆர்வத்தில் நாய் அந்த வளையத்துக்குள் கீழ்த்தாடையை விட்டுவிடும். கோரைப்பல்லைத் தாண்டி உள்ளே போனால் பிறகு வெளியே வராது. வளையல் மாதிரி மாட்டிக்கொள்ளும். பயத்தில் நாய் சுவரில் மோதும், நாக்கு வீங்கும். மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து எலும்பை அறுத்துத்தான் எடுப்பார்கள். ஆள் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். இல்லையென்றால் பகல் முழுக்க அந்த அவஸ்தைதான்.

பல்லுக்கும் ஆபத்து உண்டு. நாய் கடினமான பொருளை கன்னப் பக்கம் வைத்துத்தான் கடிக்கும். அங்கே மேல்வரிசையில் இருக்கும் பெரிய கடைவாய்ப்பல் ஓடு மாதிரி பிளந்து போவது அடிக்கடி நடக்கும். ரத்தம் வராது, நாய் சாப்பிடுவதையும் நிறுத்தாது. பல மாதம் கழித்து கண்ணுக்குக் கீழே வீங்கி சீழ் வடியும்போதுதான் பல் உடைந்த விஷயமே தெரியவரும்.

இன்னொன்று நம்ம ஊர் வெயில். காலையில் போட்ட பச்சை எலும்பு மதியத்துக்குள் எறும்பு மொய்த்து நாறத் தொடங்கிவிடும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாயின் வாயிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து தவழும் குழந்தையின் கைக்கும் போகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டிலும் கவனம் வேண்டும்.

கடையில் பாக்கெட்டில் விற்கும் எலும்பு?

பாக்கெட்டில் வருவதால் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பதப்படுத்தி, புகையூட்டி, மணம் சேர்த்து விற்கப்படும் எலும்புகள் பற்றி அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ 2017-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2010 நவம்பர் முதல் 2017 செப்டம்பர் வரை சுமார் 68 புகார்கள் வந்ததாகவும், அவற்றில் ஏறக்குறைய 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 15 நாய்கள் இறந்ததாகவும் அதில் சொல்லப்பட்டது. தொண்டை அடைப்பு, குடல் அடைப்பு, வாயில் காயம், வாந்தி, ஆசனவாயில் ரத்தம்.. இவைதான் புகார்கள். எல்லாமே கடையில் வாங்கியவை.

வெள்ளையாக, முடிச்சுப் போட்ட எலும்பு மாதிரி தொங்குமே, அது எலும்பே இல்லை. மாட்டுத்தோலின் உள்பக்க அடுக்கை உரித்து, வெளுத்து, காய வைத்து சுருட்டியது. 'ராஹைட்' என்பார்கள். வாயில் ஊற ஊற வழவழவென்று ஆகிவிடும். பொறுமையில்லாத நாய் அதை நீளத் துண்டாக பிய்த்து அப்படியே விழுங்கும். செரிக்க நாளாகும், பெரிய துண்டு என்றால் குடலை அடைக்கும். தனியாக இருக்கும் நாய்க்கு இது வேண்டவே வேண்டாம்.

நேபாளத்து சீஸ் குச்சி என்று விற்கப்படும் 'சுர்பி' செரிக்கும் பொருள்தான். ஆனால் கல் மாதிரி இறுகியது, பல்லுக்கு ஆபத்து. கடைசியில் மிஞ்சும் சின்னத் துண்டை நாய் முழுசாக விழுங்கப் பார்க்கும். கால் குளம்பு, மாட்டுக் கொம்பு இரண்டும் இதே கதைதான்.

இங்கே ஒன்றை தனியாக சொல்ல வேண்டும். இணையத்தில் வெளிநாட்டு பட்டியல்களைப் பார்த்தால் 'மான் கொம்பு' முதல் வரிசையில் இருக்கும். அது அவர்கள் ஊர் சட்டம். இந்தியாவில் புள்ளிமான், கடமான் போன்றவற்றின் கொம்பை வாங்குவதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலையோரத்தில் தானாக உதிர்ந்து கிடந்தது, எடுத்து வந்தேன் என்ற விளக்கமும் எடுபடாது. கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் இருப்பவர்கள் இதை கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நம்ம தோட்டத்திலேயே கிடக்கும் ஆபத்து

எலும்பு போடாமல் போனாலும், பின்கட்டில் கிடப்பதை நாய் விட்டு வைக்காது. குமரி மாவட்ட வீடுகளில் முதலில் கண்ணில் படுவது கதம்பை. தேங்காய் உரித்துப் போட்ட கதம்பையை நாய் ஆசையாக பிய்க்கும். கீழே துப்பினால் பிரச்சினை இல்லை. நாரை விழுங்கினால் அது குடலில் திரண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று தெரியும், நார் அப்படி தெரியாது. அதனால் கண்டுபிடிக்கவே தாமதமாகும். சிரட்டையும் கூராக உடையும், ஈறைக் கிழிக்கும்.

மாம்பழ சீசனில் மாங்கொட்டை. மேலே வழுக்கும், உள்ளே நார், அளவோ சரியாக குடலை அடைக்கும் அளவு. நடுத்தர அளவு நாய்க்கு இதைவிட கச்சிதமான அடைப்பான் இருக்க முடியாது. மக்காச்சோளக் கட்டையும் அப்படித்தான்.

மரச்சீனி விஷயம் பலருக்கு தெரிந்திருக்கும். பச்சை மரச்சீனிக் கிழங்கிலும், குறிப்பாக அதன் தோலிலும் சயனைடு விஷத்தை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஆடு மாடு தின்று செத்த கதைகள் கிராமத்தில் கேட்டிருப்போம். நாய்க்கும் அது விஷம்தான். தோலைச் சீவி கொல்லையில் வீசிவிட்டு நாயை அவிழ்த்துவிட்டுப் போகக் கூடாது. பச்சைக் கொல்லாங்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் நம் கையையே பொத்துப்போகச் செய்யும், நாயின் வாய் எம்மாத்திரம்!

கடற்கரை ஊர்களில் கருவாடு. மணம் நாய்க்கு ரொம்ப பிடிக்கும், ஆனால் உப்பு அளவுக்கு மீறி இருக்கும். தின்றுவிட்டு தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அப்போ எதைத்தான் கொடுப்பது?

தனியாக விடும் நாய்க்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டால் போதும். அந்த நாயால் உடைக்கவோ, பிய்க்கவோ, முழுதாக விழுங்கவோ முடியாத பொருளாக இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறுவது பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே உணவு நிரப்பக்கூடிய, கெட்டியான ரப்பர் பொம்மை.

இது பிறந்த கதை சுவாரசியமானது. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரிடம் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் இருந்தது. கல்லைக் கடித்துக் கடித்து பல்லெல்லாம் தேய்ந்துபோன நாய். ஒருநாள் அவர் ஃபோக்ஸ்வேகன் வண்டியை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது தூக்கிப்போட்ட ரப்பர் பாகம் ஒன்றை ஃபிரிட்ஸ் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அந்த வடிவத்தை வைத்து உருவானதுதான் இன்று உலகம் முழுக்க விற்கும் 'காங்' பொம்மை.

ரப்பர் என்றதும் நம்ம மாவட்டம் நினைவுக்கு வராமல் இருக்குமா? தமிழ்நாட்டில் ரப்பருக்கு பேர்போன மாவட்டம் குமரிதான். அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமும் நாகர்கோவிலில்தான். அதற்காக வீட்டில் கிடக்கும் ரப்பர் ஷீட்டையோ, ஒட்டுப்பால் கட்டியையோ நாய்க்கு போட்டுவிடாதீர்கள். பாலை உறைய வைக்க அமிலம் சேர்த்திருப்பார்கள், கடித்தால் பிய்ந்தும் வரும். பழைய செருப்பு, டயர் துண்டு எல்லாம் அதே வகைதான். டயருக்குள் கம்பி வேறு இருக்கும்.

பொம்மை வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அளவு முதலில். நாயின் வாய்க்குள் முழுசாக போகிற அளவில் இருக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இரண்டாவது, கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் லேசாகவாவது பதிய வேண்டும். பதியவே இல்லை என்றால் அது பல்லை உடைக்கும். மூன்றாவதை நிறைய பேர் கவனிப்பதில்லை. இரண்டு பக்கமும் துளை இருக்க வேண்டும். ஒரே துளை என்றால் நக்கும்போது உள்ளே காற்று இழுத்து, நாக்கு மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

துண்டு பிய்ந்து வந்தாலோ, விரிசல் விழுந்தாலோ அன்றோடு தூக்கிப் போட வேண்டியதுதான். விலை கொடுத்து வாங்கியதாச்சே என்று யோசிக்கக் கூடாது. ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் பொம்மை விலை ஒன்றுமே இல்லை.

உள்ளே என்ன நிரப்பலாம்?

இதற்கு விலை உயர்ந்த பாக்கெட் எதுவும் வேண்டாம். தினமும் கொடுக்கும் காலை சாப்பாட்டிலேயே ஒரு பங்கை எடுத்து நிரப்பினால் போதும். உப்பு போடாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறி, வெந்த மஞ்சள் பூசணி, உப்பில்லாத தயிர்சாதம், அவித்த முட்டை, நன்றாக மசித்த ஏத்தன் பழம் என்று எது வேண்டுமானாலும் கலக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற நம்ம மட்டிப் பழம் சின்னது என்பதால் குட்டி நாய்க்கு அரைப் பழம் போதுமானது. பழத்தில் சர்க்கரை இருப்பதால் குண்டு நாய்க்கு தினமும் வேண்டாம்.

முந்தைய நாள் இரவே நிரப்பி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், காலையில் ஐஸ் மாதிரி இறுகியிருக்கும். நாய் கடிக்காமல் நக்கி நக்கி எடுக்கும். வெளியே எடுக்க நேரம் பிடிக்கும், வெயிலுக்கும் இதம். பழக்கமில்லாத நாய்க்கு முதல் வாரம் ஐஸாக்காமல், சுலபமாக வரும்படி கொடுங்கள். கஷ்டமாக இருந்தால் முயற்சியைக் கைவிட்டுவிடும்.

நிலக்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சிலவற்றில் 'சைலிட்டால்' இருக்கும், அது நாய்க்கு சிறிய அளவிலேயே விஷம். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது.

வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டையும் தனித்தனி அறையில் விட்டுத்தான் பொம்மையைக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாதபோது சாப்பாட்டுப் பொருளுக்காக நடக்கும் சண்டையில் கடி பலமாக விழும்.

எட்டு மணி நேரம் தாங்குமா?

தாங்காது. இதை நேராக சொல்லிவிடுவது நல்லது. ஐஸாக்கிய பொம்மை கூட அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் வரும். ஆனால் அந்த நேரம்தான் முக்கியம். நீங்கள் கேட்டைப் பூட்டி, பைக் சத்தம் தெருமுனை தாண்டும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான் நாய்க்கு பதற்றம் அதிகம். அதை தாண்டிவிட்டால் பெரும்பாலான நாய்கள் படுத்துத் தூங்கிவிடும். கிளம்பும் முன் 20, 30 நிமிடம் நடத்திக் கூட்டிப் போனால் இன்னும் சுலபம்.

முதல்முறையாக கொடுப்பதை ஒரு விடுமுறை நாளில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். எப்படி கடிக்கிறது, பிய்க்கிறதா, விழுங்கப் பார்க்கிறதா என்று இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகுதான் தனியாக விட வேண்டும். ஒரே பொம்மையை ஒரு நாய் ஆறு மாதம் வைத்திருக்கும், இன்னொன்று ஒரே மணி நேரத்தில் துண்டாக்கும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் நாய் கடிக்கும் விதம்தான் கணக்கு.

திரும்பி வரும்போது பொம்மை தொடாமலே கிடக்கிறதா? கதவை பிறாண்டி, எச்சில் ஒழுக, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்து வைத்திருக்கிறதா? அது வெறும் 'போர்' இல்லை. பிரிவுப் பதற்றம் என்ற மனநலப் பிரச்சினையாக இருக்கலாம். பயத்தில் இருக்கும் நாய் எவ்வளவு ருசியானதையும் தொடாது. பழைய மொபைலை ஜன்னலில் வைத்து ஒரு மணி நேரம் வீடியோ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு பயிற்சி முறை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எதுக்கு இந்த வம்பு, சங்கிலியில கட்டிப் போட்டுட்டு போயிரலாம்" என்பவர்களுக்கு ஒரு தகவல். பகல் முழுக்க குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும், வழக்கமாக கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அறுபது ஆண்டு பழைய தொகை!

எலும்பை விழுங்கிவிட்டால் என்ன செய்வது?

நமக்கு தொண்டையில் மீன் முள் மாட்டினால் சோற்று உருண்டையை விழுங்குவோம், பழத்தை விழுங்குவோம். அதையே நாய்க்கும் செய்கிறார்கள். கூடாது. மாட்டியிருக்கும் எலும்பு இன்னும் ஆழமாக குத்தும், சோறு மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. கூரான துண்டு திரும்பி வரும் வழியெல்லாம் கிழித்துக்கொண்டு வரும், உப்பே விஷமாகவும் மாறலாம். ஆசனவாயில் நூலோ நாரோ தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாது.

நாய் இருமிக்கொண்டிருந்தால் காற்று போய்வருகிறது என்று அர்த்தம், இரும விடுங்கள். மூச்சே விட முடியாமல் நாக்கு நீலமானால் வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம், தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் உள்ளே தள்ளிவிடுவீர்கள். சின்ன நாய் என்றால் பின்னங்கால்களைத் தூக்கி தலை கீழாக இருக்கும்படி பிடிக்கலாம். பெரிய நாய்க்கு பின்னால் நின்று, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே முஷ்டியை வைத்து, முன்னோக்கி மேல்பக்கமாக சட்டென அழுத்த வேண்டும். துண்டு வெளியே வந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது அவசியம்.

குடல் அடைப்பு உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் கத்துவது, முதுகை வளைத்து நிற்பது, முக்கியும் மலம் வராதது, ரத்தம் கலந்து வருவது.. இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, பக்கத்தில் உள்ள தனியார் மருத்துவரிடமோ கொண்டுபோக வேண்டும். ஆபரேஷன் போன்ற பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடை மருத்துவ உதவிக்கான இலவச அழைப்பு எண் 1962.

போகும்போது மிச்சமிருக்கும் எலும்பையோ பொம்மைத் துண்டையோ ஒரு கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு காணாமல் போயிருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டை விட்டு கிளம்பினீர்கள் என்ற இரண்டையும்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.